மஞ்சளுக்கு ஒரு வாகனம்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிய அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் 'ஸாரி சார்' சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடி, குழாயைத் திறந்து பரபரவென்று தேய்த்திருப்பீர்கள். பருப்பு போகும், புளி போகும். மஞ்சள் மட்டும் போகாது! வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டால் இன்னும் மோசம்... கறை சிவப்பாக மாறி பயமுறுத்தும். கடைசியில், பாட்டி சொன்னபடி வெயிலில் காயப்போட்டால் மெள்ள வெளுத்துப் போய்விடும்.

சட்டை போகட்டும். அந்தக் கறை நமக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டது. ஒன்று, மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் கரையாது. இரண்டு, காரம் பட்டால் (சோப்பு ஒரு காரம்!) அதன் உருவமே மாறும். மூன்று, வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். மேலே மிதக்கிற எண்ணெயில் மட்டும் சமர்த்தாகக் கரைந்து பளபளக்கும்.

'இதிலென்ன சார் சரித்திரம்?' என்கிறீர்களா? இருக்கிறது. இப்படி அடம்பிடிக்கிற ஒரு பொருளை, விபத்தில் அடிபட்ட மனித மூளைக்குள் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று உலகமெங்கும் ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது. இதில் எலிகள் வரும், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வரும், சில மரணங்களும் வரும்.

முதலில் கதாநாயகன். 1815-ல் வோகல், பெல்லெட்டியே என்ற இரு விஞ்ஞானிகள் மஞ்சள் கிழங்கிலிருந்து அந்த நிறப் பொருளைத் தனியே எடுத்தார்கள். குர்குமின் என்று பெயர். அதன் மூலக்கூறு எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க இன்னும் 95 வருஷம் ஆனது. 1910-ல் மிலோபெட்ஸ்கா, கோஸ்டனெக்கி, லாம்பே ஆகிய மூவர் அதைச் செய்தார்கள். பிறகு 1973-ல், நம் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்ரீமல், தவான் என்ற இரு விஞ்ஞானிகள் குர்குமின் வீக்கத்தைத் தணிக்கிறது என்று எலிகளில் சோதித்துக் காட்டினார்கள். 'இதைத்தானே எங்க ஆயா அடிபட்ட இடத்தில் பத்துப் போடும்போதே செஞ்சாங்க' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது!

ஆனால், முட்டியில் அடிபடுவது வேறு... மூளையில் அடிபடுவது வேறு.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் கணக்கு. இப்படிப்பட்ட சாவுகளில் தலைக்காயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தலைக்காயத்தில் ஒரு கொடுமை என்னவென்றால், அடி ஒரு நொடியில் விழுந்து முடிந்துவிடும். சேதம் அதோடு முடியாது. அடுத்த பல மணி நேரம், பல நாள், உள்ளே இரண்டாவது அழிவு ஒன்று நடக்கும். உடைந்த செல்களிலிருந்து ரசாயனங்கள் கொட்டும், பக்கத்துச் செல்கள் சாகும், வீக்கம் ஏறும். மூளை வீங்கினால் விரிந்துகொள்ள இடமில்லை... சுற்றிலும் மண்டை ஓடு! முதல் அடியை டாக்டர் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்துபோனது. ஆனால், இரண்டாவதைத் தடுக்க அவகாசம் இருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்த அவகாசம்தான் ஒரே நம்பிக்கை. அந்த நேரத்துக்குள் உள்ளே போய் வேலை செய்ய ஒரு மருந்து வேண்டும். மஞ்சளின் பெயர் இந்த இடத்தில்தான் அடிபட ஆரம்பித்தது.

2006-ல் கலிஃபோர்னியாவில் (லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம்) கோமெஸ்-பினியா குழுவினர் எலிகளுக்கு நான்கு வாரம் குர்குமின் கலந்த தீனி போட்டு, பிறகு மூளையில் லேசான காயம் உண்டாக்கினார்கள். மஞ்சள் தின்ற எலிகளின் மூளையில் சேதம் குறைவாக இருந்தது. வழி கண்டுபிடிக்கும் பரீட்சையிலும் அவை தேறின. செய்தி பரவியது. கொஞ்சம் பொறுங்கள்... அந்த எலிகளுக்கு மஞ்சள் கிடைத்தது காயத்துக்கு முன்பு! நாளைக்கு லாரி மோதப்போகிறது என்று இன்றைக்கே யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை. 2010-ல் ஜார்ஜியாவில் சுண்டெலிகளுக்கு அடிபட்டு அரை மணி நேரம் கழித்துக் கொடுத்தும் பார்த்தார்கள். மூளை வீக்கம் குறைந்தது. ஆனால், கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்கிற பெரிய டோஸ்.

எலிக்குச் சரி. மனிதனுக்கு?

இங்கேதான் முதல் சுவர் குறுக்கே நிற்கிறது. அதன் பெயர் தண்ணீர். நம் ரத்தம் பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் கரையாத பொருள் பயணிக்க முடியாது. 1978-ல் ஸ்வீடனில் எலிகளுக்கு வாய்வழியாகக் குர்குமின் கொடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். சுமார் முக்கால் பங்கு அப்படியே மலத்தில் வெளியே வந்துவிட்டது. ரத்தத்தில் இருந்தது சொற்பம். குடலைத் தாண்டித் தப்பித் தவறி உள்ளே போகிற கொஞ்சத்தையும் கல்லீரல் விடுவதில்லை. ஒரு சர்க்கரை அமிலத்தை அதன் முதுகில் ஒட்டி, 'வெளியே போ' என்று அனுப்பிவிடும். 2001-ல் தைவான் டாக்டர்கள் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் வரை மூன்று மாதம் கொடுத்தார்கள். விஷமாக எதுவும் ஆகவில்லை. ஆனால், அதற்கு மேல் முடியவில்லை. காரணம், அவ்வளவு மாத்திரைகளை விழுங்க நோயாளிகளே மறுத்துவிட்டார்கள்!

இரண்டாவது சுவர் இன்னும் சுவாரஸ்யமானது. 1885-ல் பெர்லினில் பால் எர்லிச் (பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்) விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களை ஏற்றிப் பார்த்தார். உடம்பின் எல்லா உறுப்புகளிலும் சாயம் ஏறியது; மூளையும் தண்டுவடமும் மட்டும் வெள்ளையாகவே இருந்தன. 'மூளைக்குச் சாயத்தைப் பிடிப்பதில்லை போலிருக்கிறது' என்று முடிவு கட்டினார் எர்லிச். அவருடைய சீடர் எட்வின் கோல்ட்மன் 1913-ல் அதையே தலைகீழாகச் செய்தார். மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் சாயத்தை ஏற்றினார். மூளை நீலமானது... உடம்பின் மற்ற பாகங்கள் வெள்ளையாக நின்றன! ஆக, சாயம் பிடிக்காமல் இல்லை. நடுவே ஏதோ ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைக் கண்ணால் பார்க்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் தைத்தாற்போல ஒட்டியிருப்பதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள் ரீஸும் கர்னோவ்ஸ்கியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணெயில் கரைகிற சின்ன மூலக்கூறுகளை இந்தச் சுவர் ஓரளவு உள்ளே விடும். குர்குமின் அந்த ஜாதி. அதாவது, மூளைக்குள் நுழையத் தேவையான எண்ணெய்க் குணம்தான், ரத்தத்தில் பயணம் செய்யத் தடையாக இருக்கிறது! வாசல் வரை போனால் உள்ளே விடுவார்கள். வாசல் வரை போக பஸ் இல்லை.

ஆகவே, வாகனம் வேண்டும். மருந்தை எதில் கலந்து கொடுக்கிறோமோ அதற்கு மேல்நாட்டு மருந்தியலிலும் வாகனம் என்றுதான் பெயர். நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் அனுபானம் என்பார்கள். இந்தச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடு, அதை நெய்யில் கொடு, இன்னொன்றைப் பாலில் கொடு என்று மருந்துக்கு மருந்து மாறும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் எத்தனையோ மருந்துகளில் வருகிறதே, ஏன் என்று யோசித்தவர் ஜம்முவிலுள்ள ஆய்வகத்தின் சி.கே.அட்டல். எழுபதுகளின் இறுதியில் அவர் குழு கண்டுபிடித்த விஷயம்: மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைபரின், கூட வருகிற மருந்தை உடம்பு சீக்கிரம் வெளியேற்றாமல் பார்த்துக்கொள்கிறது. அதே வழியில் வந்த காசநோய் மாத்திரை ஒன்று 2009-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் செய்கிற வேலையை, கொஞ்சம் பைபரின் சேர்த்து 200 மில்லிகிராமில் முடிப்பதற்காக!

மஞ்சளும் மிளகும் சந்தித்தது பெங்களூரில். 1998-ல் அங்கே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்ணுக்கே தட்டுப்படவில்லை, அல்லது மிகமிகக் குறைவு. கூடவே 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது உடம்புக்குக் கிடைத்த அளவு 2,000 சதவிகிதம் உயர்ந்தது. இன்று மஞ்சள் மாத்திரை டப்பாக்களின் மேல் கொட்டை எழுத்தில் நீங்கள் பார்க்கிற அந்த 2,000 இதுதான்.

பிரமாதம்! ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவிகிதம்தான். 2 கிராம் குர்குமினுக்குக் கிட்டத்தட்ட 65 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். நாம் ராத்திரி குடிக்கிற மிளகு, மஞ்சள் போட்ட பாலில் இருப்பது அதில் நாற்பதில் ஒரு பங்கோ என்னவோ. தவிர, ஒன்றுமில்லாததை இருபது மடங்காக்கினால் எவ்வளவு வரும்? ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்றால் தாராளமாகக் குடியுங்கள். மூளைக்கு மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பைபரினுக்கு மஞ்சள், மற்ற மருந்து என்ற பேதம் தெரியாது. எல்லாவற்றையும் தூக்கி உள்ளே வைக்கும். தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு வராமலிருக்க ஃபெனிடாய்ன் கொடுப்பது வழக்கம். பைபரின் அந்த ஃபெனிடாய்னின் அளவையும் ரத்தத்தில் உயர்த்துகிறது என்று இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுத்த டோஸ், நம் 'பக்கவிளைவு இல்லாத' மாத்திரையால் தப்பாகிவிடலாம்! இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட நிகழ்ச்சிகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மிளகுச் சத்து சேர்த்த மாத்திரைகளும் உண்டு.

சரி, வாயே வேண்டாம், ஊசி போட்டுவிடலாமே? போடலாம்தான். ஆனால் எதில் கரைத்து?

இந்தக் கேள்விக்கு ஒரு பயங்கரமான பழைய பதில் இருக்கிறது. 1937, அமெரிக்கா. சல்ஃபனிலமைடு என்ற அருமையான மருந்து, தொண்டைத் தொற்றை விரட்டியது. மாத்திரையாக விற்றார்கள். குழந்தைகளுக்கு சிரப் வேண்டுமே... மருந்தோ எளிதில் கரையாது. டென்னஸியில் ஒரு கம்பெனி எதை எதையோ முயன்று, கடைசியில் டைஎத்திலீன் கிளைகால் என்ற திரவத்தில் கரைத்தது. இனிப்பாக இருந்தது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை எல்லாம் சோதித்தார்கள். விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை; அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், நிறைய பேர் குழந்தைகள். கொன்றது மருந்து அல்ல, அதைச் சுமந்து வந்த வாகனம்! 'விற்பதற்கு முன் பாதுகாப்பை நிரூபி' என்ற அமெரிக்கச் சட்டம் 1938-ல் பிறந்தது இந்தச் சாவுகளால்தான். அதே டைஎத்திலீன் கிளைகால், சிரப்பில் கலந்துபோன அசுத்தமாக 1972-ல் சென்னையிலும், 2022-ல் காம்பியாவிலும், 2025-ல் மத்தியப் பிரதேசத்திலும் குழந்தைகளைக் கொன்றது.

அடுத்த பாடம் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து மன்ரோ வாலும், மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானியும் பிரித்தெடுத்த டாக்ஸால் புற்றுநோயை எதிர்த்தது. ஆனால் தண்ணீரில் கரையாது! ரசாயன மாற்றம் செய்த ஆமணக்கெண்ணெயில் கரைத்து ஏற்றினார்கள். சில நோயாளிகளுக்கு அந்த எண்ணெயே ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறியது. அதனால் முன்கூட்டியே அலர்ஜி மருந்துகள் கொடுத்து, மெதுவாக ஏற்றப் பழகினார்கள். 1992-ல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எண்ணெயை ஒழித்து, ரத்தத்திலேயே இருக்கும் அல்புமின் என்ற புரதத்தின் மேல் மருந்தை ஏற்றி அனுப்பும் வித்தைக்கு 2005-ல் அனுமதி கிடைத்தது.

நல்ல வாகனம் செய்ய முடியும், ஆனால் அவசரப்படக் கூடாது என்பதுதான் இந்த இரண்டு கதைகளும் சொல்வது. யாராவது கேட்டார்களா? 2017-ல் அமெரிக்காவில் 30 வயதுப் பெண் ஒருவருக்கு, தோல் அரிப்புக்காகக் குர்குமினை நரம்பில் ஏற்றினார்கள். இதயம் நின்று இறந்துபோனார். அரசு அந்த மருந்தைச் சோதித்தபோது, ஆமணக்கெண்ணெய் வாகனம் மருந்துக்கு உகந்த தரத்தில் இல்லை. அதில் டைஎத்திலீன் கிளைகாலும் கலந்திருந்தது. ஆமாம், 1937-ன் அதே ஆசாமி! லேபிளில் சொன்ன குர்குமினோ, சொன்ன அளவில் மிகச் சிறு பங்குதான் இருந்தது.

இனி நல்ல செய்தி. 1961-ல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாப்ரஹாம் என்ற ஊரில் அலெக் பாங்கம் என்ற டாக்டர், புது எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கொழுப்பையும் தண்ணீரையும் கலந்து வைத்துப் பார்த்தார். கொழுப்பு தானாகவே குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சுருண்டிருந்தது, நம் உடம்பின் செல் சுவர் மாதிரியே! பின்னால் இதற்கு லைப்போசோம் என்று பெயர் வந்தது. எண்ணெய்ப் பிரியனான மருந்தை அதன் கொழுப்புச் சுவரில் உட்கார வைத்தால், தண்ணீரில் ஜாலியாக மிதந்து போகும். இப்படிப்பட்ட உருண்டைக்குள் வைத்த புற்றுநோய் மருந்துக்கு 1995-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குர்குமினையும் இதில் ஏற்றினார்கள். 2015-ல் வெளியான ஆஸ்திரிய சோதனையில், டோஸ் ஒரு அளவைத் தாண்டியதும் ரத்தச் சிவப்பணுக்கள் தற்காலிகமாக முள்ளு முள்ளாக உருமாறின. எல்லை எங்கே என்பதைக் கவனமாகச் சோதித்ததால் தெரிந்துகொண்டார்கள். 2011-ல் அமெரிக்காவின் லூயிவில் நகர ஆய்வாளர்கள், செல்கள் தாமே வெளியிடுகிற நுண்பைகளில் குர்குமினை நிரப்பி சுண்டெலிகளின் மூக்கில் விட்டார்கள். மூக்கிலிருந்து மூளைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மூளையின் அழற்சி குறைந்தது.

தலையில் அடிபட்டதும் அந்த ரத்தத் தடுப்புச் சுவரே சில மணி நேரத்துக்கு ஓட்டை விழுந்து கசியும். நுண்துகள் வாகனங்களை அந்த ஓட்டை வழியே, மூடிக்கொள்வதற்குள் அனுப்பிவிடலாம் என்றும் விலங்குகளில் முயன்றுவருகிறார்கள்.

அப்படியானால் வாகனம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. என் கவலையே இங்கேதான்.

2014-ல் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் கதை முடிவுக்கு வந்தது. இதுவும் தண்ணீரில் கரையாத பொருள். ஒரு காலத்தில் மெக்ஸிகோ காட்டுக் கிழங்கின் சத்திலிருந்து தயாரித்தது. அடிபட்ட எலிகளின் மூளையைப் பிரமாதமாகக் காப்பாற்றியது. கொழுப்புத் துளிகளில் ஏற்றி, நரம்பு வழியாக நோயாளிகளுக்கே கொடுத்தார்கள். வாகனம் ஓடியது, மருந்து போய்ச் சேர்ந்தது. ஒரு சோதனையில் 882 பேர், இன்னொன்றில் 1,195 பேர். முடிவு? மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! அதற்கும் முன்பு, வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி 30 வருஷத்துக்கும் மேலாக டாக்டர்கள் கொடுத்து வந்த ஸ்டீராய்டுகளை, பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒழுங்காகச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவிகிதம். கொடுக்காதவர்களில் 17.9. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே எத்தனை பேரை இழந்திருக்கிறோம்!

குர்குமினுக்கும் இந்தப் பரீட்சை பாக்கி இருக்கிறது. 2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் அதன் மேல் நடந்த 120-க்கும் மேற்பட்ட மனித சோதனைகளைக் குறிப்பிட்டு, கறாரான முறையில் நடந்த எதிலும் அது ஜெயிக்கவில்லை என்று எழுதினார்கள். சோதனைக் குழாயில் அது தானே ஒளிவிட்டும் சிதைந்தும் ஆய்வாளர்களை ஏமாற்றுகிறது என்றும் எச்சரித்தார்கள். 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸில், எளிதில் உடம்பில் சேர்கிற வடிவத்தில் கொடுத்தபோது 40 பேரில் ஞாபகசக்தி முன்னேறியது என்று ஒரு சின்ன நம்பிக்கை பிறந்தது. அவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்ல. 'மருந்து நல்ல மருந்துதான், வண்டிதான் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. வண்டி கிடைத்தபின் மருந்து தன்னை நிரூபித்தாக வேண்டும்.

எனவே, டப்பாவில் 2,000 சதவிகிதம் என்று பார்த்தால், இரண்டு கேள்வி கேளுங்கள். எதில் ஏற்றி அனுப்புகிறார்கள்? போய்ச் சேர்ந்து யாருக்குக் குணமானது... எலிக்கா, மனிதருக்கா? வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டால் வாயில் எதையும் புகட்டாதீர்கள், பாலும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். ஆம்புலன்ஸுக்கு 108 அழையுங்கள். அவர் தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை, 'சும்மா மூலிகைதான்' என்று ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்கு மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், தலையில் ஹெல்மெட் போடுங்கள். ஹெல்மெட்டுக்கு ரத்தத்தில் கரைய வேண்டிய அவசியமில்லை!